முட்டுக்குக் கீழே நாலு விரல்

போன இதழில் கால் அசதிக்கு எண்ணெய் தேய்ப்பது பற்றி எழுதும்போது, "முட்டுக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு புள்ளி உண்டு, அதை இன்னொரு நாள் பார்ப்போம்" என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டுவிட்டேன். அந்த ஒரு வரிக்கு ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது. சர்க்கரை, தூக்கம் பற்றிய கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இந்த இதழ் முழுக்க அந்தப் புள்ளிக்கே கொடுத்துவிட்டேன். புதிய வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: நான் இந்த மாவட்டத்தில் முப்பத்தொரு வருடம் கிராம சுகாதார செவிலியாக இருந்தவள். ஓய்வுக்குப் பிறகுதான் அக்குபங்சர் படித்தேன். தக்கலைக்குப் பக்கத்தில் வீட்டு முன்னறையில் பார்க்கிறேன்.

"ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறேன். வயது 52. விடியுமுன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினால், முந்நூறு மரம் சுற்றி வரும்போது கால் இரண்டும் கல்லாகிவிடும். முட்டுக்குக் கீழே ஓரிடத்தில் அழுத்தினால் நூறு வயது வாழலாம் என்று மகள் செல்போனில் ஒரு வீடியோ காட்டினாள். அந்த இடம் சரியாக எது?" - ஒரு வாசகி, குலசேகரம்

நூறு வயதை விடுங்கள் அம்மா. நாளைக்கு முந்நூறு மரம் சுற்ற வேண்டுமே, அதற்கு வழி பார்ப்போம்.

நாற்காலியில் உட்கார்ந்து காலை மடக்கித் தொங்கவிடுங்கள். முட்டுச் சிரட்டையின் கீழ் விளிம்பில், வெளிப்பக்கமாக ஒரு குழி தட்டுப்படும். பெருவிரல் நீங்கலாக நாலு விரலையும் ஒட்டவைத்து, சுட்டுவிரல் அந்தக் குழியை ஒட்டி வரும்படி குறுக்கே வையுங்கள். சுண்டுவிரல் எங்கே முடிகிறதோ அந்த மட்டம். இனி முன்கால் எலும்பின் கூர்முனையைத் தடவிப் பார்த்து, அங்கிருந்து ஒரு விரல் அகலம் வெளியே வாருங்கள். அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு பாதத்தை மேல்நோக்கித் தூக்கினால் விரலுக்கு அடியில் சதை புடைக்கும். புடைத்தால் இடம் சரி. புடைக்காவிட்டால் எலும்பின் மேலேயே நிற்கிறீர்கள்.

உங்கள் காலுக்கு உங்கள் விரல்தான் அளவு. உங்கள் மகளின் விரல் மெலிந்திருந்தால் அவள் அளந்து காட்டும் இடம் மேலே போய்விடும். சீனர்கள் இதற்கு 'சுன்' என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். நாலு விரல் சேர்ந்தால் மூன்று சுன், அவரவர் கையால். நம் ஊர் வர்ம ஆசான்மார் விரற்கடை என்று அளப்பதும் அவரவர் விரலால்தானே. எனக்கு அக்குபங்சர் சொல்லித்தந்தவரிடம் இந்த ஒற்றுமையைச் சொன்னபோது அவர் அரைமணி நேரம் பாடத்தை நிறுத்திவிட்டு விரற்கடையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்.

பெருவிரலால் அழுத்தும்போது ஊசி குத்துவதுபோல் சுள்ளென்று இருக்கக்கூடாது. ஒரு மந்தமான கடுப்பு, கனம், சிலருக்குப் பாதம்வரை இறங்கும். அதுதான் வேண்டியது. மெதுவாக ஏற்றி, ஐந்து மூச்சு பிடித்து, மெதுவாக விடுங்கள். ஒரு காலுக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். வேலைக்குக் கிளம்புமுன் ஒருமுறை, பால் ஊற்றிவிட்டு வந்த பிறகு ஒருமுறை. அழுத்திய இடம் கன்றிப்போகிற அளவுக்கு வீரம் காட்ட வேண்டாம்.

இந்தப் புள்ளிக்குச் சீனத்தில் 'சூ சான் லீ' என்று பெயர். உடம்பில் சக்தி ஓடுவதாகச் சீனர்கள் சொல்லும் பாதைகளில், இரைப்பைப் பாதையின் 36ஆவது புள்ளி. 'சூ' என்றால் கால், 'சான்' மூன்று, 'லீ' தூரத்தை அளக்கும் அலகு. இன்றைய கணக்கில் ஒரு லீ அரை கிலோமீட்டர். நடந்து களைத்து உட்கார்ந்தவன் இந்த இடத்தை அழுத்திவிட்டு எழுந்தால் இன்னும் மூன்று லீ நடப்பான் என்று ஒரு விளக்கம். முட்டுக்கு மூன்று சுன் கீழே இருப்பதால் வந்த பெயர் என்று இன்னொரு விளக்கம். எனக்கு முதலாவதுதான் பிடிக்கும். பால்வெட்டுக்காரர்களுக்கும் அதுதான் பிடிக்கும்.

பழங்காலத்திலிருந்து இதற்குச் சொல்லும் உபயோகம் அசதி மட்டுமல்ல. சீன மாணவர்கள் மனப்பாடம் செய்யும் நாலு புள்ளிப் பாட்டு ஒன்று உண்டு. முகம், வாய் என்றால் கைப்பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உள்ள புள்ளி, தலைக்கும் கழுத்துக்கும் மணிக்கட்டுப் பக்கம் ஒன்று, இடுப்புக்கு முட்டின் பின்மடிப்பு, வயிற்றுக்கு இந்த மூன்று லீ. செரிமானக் கோளாறு, வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல், நோய்க்குப் பின் வரும் தளர்ச்சி, முட்டுவலி எல்லாம் இதன் கணக்கில் வரும். போக்குக்கும் சிக்கலுக்கும் ஒரே புள்ளியா என்று சிரிக்காதீர்கள், நானும் சிரித்தவள்தான். இரண்டுக்கும் காரணம் குடலின் ஓட்டம் தாறுமாறாவது, அதை ஒழுங்குக்குக் கொண்டுவருவதே வேலை என்பது அவர்கள் தர்க்கம்.

உங்களுக்கு ஒரு கேள்வி. ஆடுசதையில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருக்கிறதா? மேடும் பள்ளமும் ஏறி இறங்கி நின்றே வேலை செய்கிற பலருக்கு இருக்கும். இருந்தால் அந்த இடத்தைப் பிசையாதீர்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாக வலித்தால் யாரையும் தொடவிடாமல் நேரே ஆஸ்பத்திரி. உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம்.

"சிவாலய ஓட்டம் போகிறவன் நான், இது ஒன்பதாவது வருடம். திற்பரப்பு தாண்டும்போதே ஆடுசதை பிடித்துக்கொள்கிறது. இந்தப் புள்ளியில் ஊசி போட்டுக்கொண்டு ஓடலாமா?" - ஒரு வாசகர், முஞ்சிறை

ஊசியோடு ஓடுவதா? ஊசியை எடுத்த பிறகு என்றுதான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்!

திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவாலயம், எண்பது கிலோமீட்டருக்கு மேல், கையில் பனையோலை விசிறி, வாயில் "கோவிந்தா கோபாலா". திற்பரப்பு மூன்றாவது கோயில்தான். அங்கேயே சதை பிடிக்கிறதென்றால் புள்ளி தவறவில்லை, பயிற்சி தவறியிருக்கிறது. சிவராத்திரிக்கு ஒரு மாதம் முன்பே நடக்கத் தொடங்குங்கள். வெயிலில் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போகாதீர்கள். உப்புப் போட்ட கஞ்சி வெள்ளம், மோர் எங்கே கிடைத்தாலும் நின்று குடியுங்கள். வழியோரம் ஊர்க்காரர்கள் பானையோடு காத்திருக்கிறார்களே, அவர்கள் செய்வது என் புள்ளியை விடப் பெரிய வைத்தியம்.

அழுத்துவது நல்லதுதான். ஒவ்வொரு கோயிலிலும் ஈரத்துணியோடு தரிசனம் முடிந்து உட்காரும்போது ஒரு நிமிடம். நீண்ட நடைக்கும் இந்தப் புள்ளிக்கும் உறவு பழையது. ஜப்பானியக் கவிஞர் மட்சுவோ பாஷோ 1689இல் வடக்கே நெடும்பயணம் கிளம்புமுன் கால்சட்டைக் கிழிசலைத் தைத்து, தொப்பிக்குப் புதுக்கயிறு மாற்றி, காலில் இந்த இடத்தில் மூலிகைச் சூடு போட்டுக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். நம் மாசிபத்திரியின் இனத்துச் செடி ஒன்றைக் காயவைத்துப் பஞ்சாக்கி, தோலின்மேல் வைத்துக் கொளுத்துவது அந்த முறை. வீட்டில் யாரும் செய்து பார்க்காதீர்கள். ஊதுபத்தியால் முயற்சி செய்து கொப்புளத்தோடு வந்த ஒரு பையனுக்கு நான் மூன்று வாரம் கட்டுப் போட்டேன். அந்த வருடம் அவன் ஓடவில்லை.

"எங்கள் தாத்தா வர்ம ஆசான். அக்குபங்சர் என்பதே நம் வர்மக்கலைதான், போதிதர்மர் சீனாவுக்குக் கொண்டுபோனது என்று எல்லாரும் சொல்கிறார்கள். நீங்கள் ஏன் சீனப் பெயரைச் சொல்கிறீர்கள்?" - ஒரு வாசகர், அருமனை

கோபம் புரிகிறது. எனக்கும் ஆசான்மேல் கடன் உண்டு. ஏழு வயதில் கொல்லாமரத்திலிருந்து விழுந்து மூச்சு நின்றுபோன என்னை உங்கள் பக்கத்து ஆசான் ஒருவர்தான் தட்டி எழுப்பினார். அப்புறம் இருபத்தொரு நாள் காயத்திருமேனி எண்ணெய். அந்த வாசனை இப்போதும் மூக்கில் நிற்கிறது.

ஆனால் ஆண்டுக்கணக்கு இடிக்கிறது. போதிதர்மர் சீனா போனது கி.பி. 5 அல்லது 6ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். ஊசி முறையை விரிவாகச் சொல்லும் 'ஹுவாங்தி நெய்ஜிங்' என்ற சீன மருத்துவ நூல் அதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே தொகுக்கப்பட்டுவிட்டது. வயிற்றுக் கோளாறுக்கு இந்த மூன்று லீ அதிலேயே இருக்கிறது. சீனாவில் மாவாங்துய் என்னும் இடத்தில் கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறையிலிருந்து எடுத்த பட்டுச் சுவடிகளில் உடம்பின் பாதைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. ஆக, போதிதர்மர் போய் இறங்கியபோது அங்கே ஊசி ஏற்கெனவே இருந்தது.

வர்மத்துக்கு இதனால் குறைவு ஒன்றுமில்லை. அது வேறு மரம். அடிபட்டால் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, மற்றத் தொடுவர்மம் 96, மொத்தம் 108 என்பது நம் கணக்கு. அடிபட்டால் என்ன ஆகும், எத்தனை நாழிகைக்குள் இளக்க வேண்டும், இளக்குவதற்கு எந்த அடங்கல் புள்ளியில் கை வைக்க வேண்டும், அழுத்தம் எத்தனை மாத்திரை அளவு என்று அது கேட்கும் கேள்விகளே வேறு. சீனர்கள் 361 புள்ளிகளைப் பாதைகளில் கோத்து, உள்ளுறுப்போடு சேர்த்துப் பேசுகிறார்கள். கையும் காலும் எல்லா மனிதருக்கும் ஒன்றுதான். இரண்டு ஊரில் தடவிப் பார்த்தவர்கள் சில இடங்களில் ஒரே குழியைக் கண்டிருப்பார்கள். அதற்காக ஒன்று மற்றதன் பிள்ளை ஆகிவிடாது. தாத்தாவின் ஏடு வீட்டில் இருந்தால், ஃபேஸ்புக்கில் சண்டை போடும் நேரத்தில் அதைப் படியெடுத்து வையுங்கள். கரையான் வாதம் பண்ணாது.

"மகள் மூன்று மாதக் கர்ப்பிணி. வாந்தி நிற்கவில்லை. காலில் அழுத்தச் சொல்கிறாள் மயினி." - ஒரு வாசகி, திங்கள்சந்தை

காலை விட்டுக் கைக்கு வாருங்கள். உள்ளங்கை முடியும் மணிக்கட்டு மடிப்பிலிருந்து அவளுடைய மூன்று விரல் அளவு மேலே, இரண்டு நரம்புக் கயிறுகளுக்கு நடுவில் உள்ள பள்ளம். குமட்டலுக்கு அதிகம் சோதித்துப் பார்க்கப்பட்டது அதுதான். மயினி காட்டும் இடம் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். உள் கணுக்காலுக்கு நாலு விரல் மேலே இன்னொரு புள்ளி இருக்கிறது, அதைக் கர்ப்பிணிக்குத் தொடக்கூடாது என்பது பழைய விதி. நான் அதை மீறியதில்லை. குடித்த தண்ணீரும் தங்காமல், சிறுநீர் குறைந்து மஞ்சளாகப் போனால் டிரிப் போட வேண்டியிருக்கும். தாமதிக்காதீர்கள்.

"வீட்டுக்காரருக்கு 58 வயது. ராத்திரி கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டால் நெஞ்சுக்குழியில் கனம், ஏப்பம். சுக்கு வெள்ளம் குடித்தால் கேட்கும். கொஞ்ச நாளாக அதிலும் கேட்கவில்லை. மாடிப்படி ஏறினாலும் வருகிறது. வயிற்றுக்கு நல்ல புள்ளி என்கிறீர்களே, தினமும் அழுத்திவிடவா?" - ஒரு வாசகி, கருங்கல்

இந்தக் கடிதத்தைப் படித்ததும் இதழ் வரும்வரை காத்திருக்க மனம் வரவில்லை. அன்றைக்கே பதில் போட்டுவிட்டேன்: முதலில் ஈசிஜி எடுங்கள், புள்ளி பிறகு. படி ஏறும்போது வருகிற 'வாயு' வாயு இல்லை. இங்கே எழுதுவது மற்றவர்களுக்காக.

என் வீட்டுக்காரரின் அண்ணன், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், அடுத்த வீட்டில் இருக்கிறார். ஏழு வருடத்துக்கு முன்பு, ஊர்க் கோயில் கொடைத் திருவிழா முடிந்த ராத்திரி. பதினொரு மணிக்கு நெஞ்சுக்குழியைத் தடவிக்கொண்டு வந்தார். "வாயு பிள்ளே, கொடைச் சோறு எதுக்களிக்கி. நீ அந்தக் காலுல என்னமோ அமுக்குவியே, அத அமுக்கு." எனக்கு அப்போது அக்குபங்சர் சர்டிபிகேட் வந்து நாலு மாதம்தான். சந்தோஷமாக இரண்டு காலையும் பிடித்துப் பத்து நிமிடம் அழுத்தினேன். இரண்டு ஏப்பம் விட்டார். "இப்பம் கொள்ளாம்" என்று எழுந்து போனார். நான் பெருமையோடு படுத்தேன்.

மூன்று மணிக்கு அத்தானின் மனைவி, எனக்கு அக்கா, கதவைத் தட்டினாள். தலையணை நனைகிற அளவு வியர்வை, ஒரு வாந்தி, முகம் சாம்பல். ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்த டாக்டர், "எப்போ தொடங்கினது?" என்று கேட்டார். இதயத்தின் அடிப்பக்கச் சுவரில் அடைப்பு வந்தால் வலி மேல்வயிற்றிலும் வரலாம், வாந்தியும் வரலாம். முப்பது வருடம் நர்ஸ் வேலை பார்த்த எனக்கு இது தெரியாத பாடமா? ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். புதிதாகக் கற்ற வித்தை பழைய அறிவைப் பிடித்து மூலையில் உட்காரவைத்துவிட்டது. "பதினொரு மணிக்கு" என்று சொன்னேன். டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் தேவலை.

அத்தான் பிழைத்தார். ஆனால் அந்த நாலு மணி நேரம் திரும்பி வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் மேட்டில் இருக்கிற தென்னந்தோப்புக்கு இப்போது அவரால் ஏற முடியாது. தேங்காய் வெட்டும் நாளில் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணுகிறார்.

அழுத்தினால் சுகம் தெரியும். அந்தச் சுகம்தான் அன்று எங்கள் இருவரையும் ஏமாற்றியது. அதனால் இப்போது நாற்பது தாண்டிய யார் வந்து 'வாயு' என்றாலும் கால் பக்கம் கையைக் கொண்டுபோகுமுன் கேட்கிறேன்: நடந்தால் கூடுகிறதா, வியர்க்கிறதா, தாடைக்கோ இடது கைக்கோ முதுகுக்கோ இழுக்கிறதா, சர்க்கரை உண்டா, பீடி உண்டா. ஒரு கேள்விக்கு ஆமாம் வந்தாலும் ஆட்டோ பிடித்து நேரே ஆஸ்பத்திரி. சர்க்கரைக்காரர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் தளர்ச்சியாகவும் வரும்.

உங்கள் வீட்டுக்காரருக்கு ஈசிஜி எடுத்து, டாக்டர் சொன்னால் மற்றச் சோதனைகளும் பார்த்து, இரைப்பைதான் காரணம் என்று உறுதியானால் தாராளமாக அழுத்திவிடுங்கள். ராத்திரிக் கிழங்கை மத்தியானத்துக்கு மாற்றுங்கள்.

"ஊசி போடுகிறவர், சர்க்கரை மாத்திரையை நிறுத்தினால்தான் புள்ளி வேலை செய்யும் என்கிறார்." - ஒரு வாசகர், ஆரல்வாய்மொழி

அந்த ஆளை நிறுத்துங்கள், மாத்திரையை அல்ல. உங்கள் காலில் மதமதப்பு இருந்தால் ஊசி கூடவே கூடாது. ஊசி போட்டுக்கொள்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: கண் முன்னால் புது உறை பிரிக்க வேண்டும், போட்ட ஊசி குப்பைக்குப் போக வேண்டும். இந்த இடத்தில் சதைக்கு அடியில் பாதத்தைத் தூக்கும் நரம்பும் ஒரு ரத்தக்குழாயும் ஓடுகின்றன. யூடியூப் பார்த்துக் குத்துகிற இடமல்ல.

"நான் பயாலஜி மாணவி. இதற்கெல்லாம் ஆதாரம் உண்டா, நம்பிக்கைதானா?" - ஒரு வாசகி, நாகர்கோவில்

கொஞ்சம் உண்டு, எல்லாரும் பெருமை பேசுகிற அளவுக்கு இல்லை.

1971 ஜூலையில் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குப் பெய்ஜிங்கில் குடல்வால் அறுவை நடந்தது. ஊசி குத்தி மரக்கவைத்து அறுத்தார்கள் என்று இன்றும் பலர் சொல்வது பிழை. அறுவைக்கு வழக்கமான மரப்பு மருந்துதான். அடுத்த நாள் ராத்திரி வயிறு உப்பி வலித்தபோதுதான் வலது முழங்கையிலும் முட்டுகளுக்குக் கீழேயும் ஊசி போட்டார்கள். ஒரு மணி நேரத்துக்குள் இளகியது என்று அவர் எழுதினார், மேற்கு நாடுகள் அக்குபங்சர் பக்கம் திரும்பின. முட்டுக்குக் கீழே என்றால் நம் மூன்று லீயாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். ஆனாலும் அது ஒரே ஒரு ஆளின் கதை. அறுவைக்குப் பின் உப்பிய வயிறு தானாகவும் இளகும்.

நீங்கள் பார்க்க வேண்டியது 2021இல் 'நேச்சர்' என்ற அறிவியல் இதழில் வந்த ஆய்வு. எலியின் பின்னங்காலில் இந்தப் புள்ளிக்குச் சமமான இடத்தில் லேசாக மின்சாரம் கொடுத்தால் வேகஸ் நரம்பு வழியாக அட்ரினல் சுரப்பி தூண்டப்பட்டு அழற்சி குறைந்தது. வயிற்றில் உள்ள புள்ளியில் கொடுத்தால் அது நடக்கவில்லை. காலில் அந்த ஆழத்தில் ஒரு குறிப்பிட்ட வகை நரம்புசெல் இருப்பதும், வயிற்றில் அது இல்லாததும் காரணம் என்று கண்டார்கள். இடம் முக்கியம் என்பதற்கு அது ஒரு சாட்சி. ஆனால் அது எலி, கொடுத்தது மின்சாரம். மனிதர்களிடம் வலிக்குச் செய்த சோதனைகளில் நிஜ ஊசிக்கும் போலி ஊசிக்கும் உள்ள வித்தியாசம் சிறியதாகவே வருகிறது. அக்குபங்சர்காரியான நான் இதைச் சொன்னால் என் தொழில்காரர்களுக்குப் பிடிப்பதில்லை.

"அழுத்தினால் என் பெருவிரல்தான் வலிக்கிறது. மெஷின் வாங்கலாமா?" - ஒரு வாசகி, குளச்சல்

வேண்டாம். சிரட்டை அகப்பையின் காம்பு முனை உருண்டையாக, வழுவழுப்பாக இருக்கும். ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவி அதால் அழுத்துங்கள். மீன்கறிக்குப் போடுகிற அகப்பையை எடுத்துவிடாதீர்கள், பழையது ஒன்றைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். என் வீட்டில் ஒருநாள் மாறிப்போய், அன்றைய குழம்பை யாரும் தொடவில்லை.